மொழிக்கள ஆய்வுத் தரவுகளைப் புவியியல் தகவல் மென்பொருளில் ஏற்றுதல்

1. முன்னுரை

மொழி வழக்குகள் இடத்திற்கு இடம் வேறுபடுவதை நிலப்படத்தில் காட்டும் முயற்சி மொழியியலுக்குப் புதியதன்று. ஜெர்மனியில் ஜார்ஜ் வெங்கர் 1876ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியர்களுக்கு வினாத்தாள்களை அனுப்பிக் கிளைமொழித் தரவுகளைத் திரட்டத் தொடங்கினார். பிரான்சில் ஜில்லியெரோன் வகுத்த திட்டத்தின்படி 639 ஊர்களில் நேரில் தரவு தொகுக்கப்பட்டு, பிரெஞ்சுக் கிளைமொழி நிலப்படத் தொகுதி 1902 முதல் 1910 வரை வெளிவந்தது. இந்தியாவில் கிரியர்சன் மேற்கொண்ட இந்திய மொழிகளின் அளவீடு 1903க்கும் 1928க்கும் இடையில் பல பகுதிகளாக அச்சாயிற்று.

அப்படங்கள் கையால் வரையப்பட்டவை. படம் வரைந்தவர் ஒவ்வோர் ஊருக்கும் குறியிடும்போது அவ்வூரையும் அங்குக் கிடைத்த சொல்லையும் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. ஐயத்திற்குரிய குறி அவர் கண்ணில் பட்டது. இன்றோ ஆய்வாளர் தம் அட்டவணையை மென்பொருளில் ஏற்றினால் ஆயிரம் குறிகள் ஒரு நொடியில் படத்தில் தோன்றிவிடுகின்றன. எந்தக் குறியையும் எவரும் தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. கையால் வரைந்தவர் இடையிடையே எடுத்த முடிவுகள் அனைத்தும் இன்று தரவை ஏற்றும் ஒரே கட்டத்தில் எடுக்கப்படுகின்றன. ஆய்வாளர் எடுக்காத முடிவுகளை மென்பொருள் தானே எடுத்துக்கொள்கிறது.

ஆகவே தரவேற்றம் என்பது கணினி இயக்குபவரிடம் ஒப்படைத்துவிடத்தக்க எழுத்தர் பணி அன்று. அது மொழியியல் பகுப்பாய்வின் ஒரு பகுதியாகும். இக்கருத்தைக் கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இம்மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தருவது. இதனால் இந்தியப் பல்கலைக்கழக மொழியியல் துறைகளுக்கு இது ஏற்ற கருவியாகும். ஈண்டுக் கூறப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இதனையொத்த பிற மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

2. மென்பொருள் தரவைக் காணும் முறை

புவியியல் தகவல் மென்பொருளில் படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட அடுக்குகளால் ஆனது. மாவட்ட எல்லைகள் ஓர் அடுக்கு, ஆறுகள் ஓர் அடுக்கு, ஆய்வு செய்யப்பட்ட ஊர்கள் ஓர் அடுக்கு என அவை அமையும். ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று வடிவம்; அது புள்ளியாகவோ கோடாகவோ பரப்பாகவோ இருக்கலாம். மற்றொன்று அவ்வடிவத்தோடு இணைந்த அட்டவணை. ஓர் ஊரைக் குறிக்கும் புள்ளி வடிவம் ஆகும். அவ்வூரின் பெயர், மாவட்டம், அங்குக் கிடைத்த சொல் ஆகியன அட்டவணையில் அடங்கும்.

மொழியியல் ஆய்வாளரிடம் பெரும்பாலும் இருப்பது அட்டவணை மட்டுமே. அதற்கு வடிவம் தரும் வழிகள் இரண்டு. ஒவ்வோர் ஊரின் குறுக்குக்கோட்டையும் நெடுக்குக்கோட்டையும் எண்களாகத் தந்து புள்ளிகளை உருவாக்குதல் முதல் வழி. முன்னரே கிடைக்கும் மாவட்ட அல்லது வட்ட எல்லைப் படத்தோடு ஒரு பொதுக் குறியீட்டின் வழியே அட்டவணையை இணைத்தல் இரண்டாம் வழி. களப்பணித் தரவுகளுக்கு முதல் வழியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழித் தரவுகளுக்கு இரண்டாம் வழியும் பொருந்தும். இவ்விரு வழிகளிலும் நேரும் பிழைகள் வேறு வேறு தன்மையன. ஆதலின் அவை தனித்தனியே நோக்கத்தக்கன.

3. அட்டவணையின் அமைப்பு

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்ளலாம். எழுத்துத் தமிழின் ழகரம் பேச்சு வழக்கில் தென்மாவட்டங்களில் பலரிடம் ளகரமாகவும், சென்னையைச் சார்ந்த வழக்கில் சிலரிடம் யகரமாகவும் ஒலிப்பது அறிந்ததே. 'பழம்' என்னும் சொல் 'பழம், பளம், பயம்' என மூவகையாக வழங்குவதை நிலப்படத்தில் காட்ட ஓர் ஆய்வாளர் விரும்புகிறார் எனக் கொள்வோம்.

அவருடைய குறிப்பேட்டில் ஓர் ஊருக்கு நேராகப் 'பழம், பளம்' என இரு வடிவங்கள் எழுதப்பட்டிருக்கலாம். இதனை அப்படியே ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்து, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்பாக ஏற்றினால் இரு வகை இடர்கள் தோன்றும். முதலாவதாக, அக்கட்டம் மேற்கோள் குறிக்குள் அடைக்கப்படவில்லையெனில் உள்ளிருக்கும் காற்புள்ளியையும் மென்பொருள் கட்டப் பிரிப்பாகவே கொள்ளும். அவ்வரிசையில் அடுத்துள்ள மதிப்புகள் யாவும் ஒரு கட்டம் வலப்புறம் தள்ளிப்போகும். இரண்டாவதாக, மேற்கோள் குறி இடப்பட்டிருந்தாலும் 'பழம், பளம்' என்பதை மென்பொருள் நான்காவது வகையாகவே எண்ணும். படத்தில் அவ்வூர் புதிய நிறம் பெறும். இல்லாத ஒரு கிளைமொழி அங்குத் தோன்றிவிடும்.

இதனைத் தவிர்க்கும் வழி ஒரு விடைக்கு ஒரு வரிசை என்னும் நெறியைக் கடைப்பிடிப்பதாகும். தரவுகளை மூன்று அட்டவணைகளாகப் பிரித்துக்கொள்வது நன்று. முதல் அட்டவணையில் ஊர்களும் அவற்றின் இருப்பிடமும் இடம்பெறும். இரண்டாவதில் தகவலாளிகள் இடம்பெறுவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணும், ஊரின் எண்ணும், வயது, பாலினம், கல்வி, சமூகப் பின்னணி ஆகியனவும் தரப்படும். மூன்றாவதில் விடைகள் இடம்பெறும். தகவலாளியின் எண், வினாவின் எண், கிடைத்த வடிவம் என்னும் மூன்றே அதற்குப் போதும். ஒருவர் இரு வடிவங்களைத் தந்திருந்தால் அவர்க்கு இரு வரிசைகள் அமையும்.

இப்பிரிப்பு இந்தியச் சூழலில் இன்றியமையாதது. ஜில்லியெரோனின் முறையில் பொதுவாக ஓர் ஊருக்கு ஒரு தகவலாளியே கொள்ளப்பட்டார். இந்தியச் சிற்றூரின் மொழி நிலை அதற்கு இடந்தருவதன்று. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்த ஜான் கம்பர்ஸ் 1958இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே ஊருக்குள் சமூக அடுக்கைப் பின்பற்றிய பேச்சு வேறுபாடுகள் இருப்பதைக் காட்டினார். அத்தகைய ஊரில் தொகுத்த பல தகவலாளிகளின் விடைகளை ஒரே இருப்பிட எண்களோடு ஏற்றினால் புள்ளிகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். படத்தில் மேலே கிடக்கும் புள்ளியின் நிறம் மட்டுமே தெரியும். எப்புள்ளி மேலே கிடக்கும் என்பதைப் பெரும்பாலும் அட்டவணையின் வரிசை முறையே முடிவு செய்கிறது. இறுதியாகத் தட்டச்சு செய்யப்பட்டவரின் பேச்சு ஊரின் பேச்சாகிவிடுவது ஆய்வு நெறியாகாது. தகவலாளி அட்டவணை தனியே இருந்தால் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் ஓர் அடுக்கை உருவாக்கவோ, ஊருக்கு ஒரு வட்டம் வரைந்து வடிவங்களின் விழுக்காட்டை அதில் பங்கிட்டுக் காட்டவோ இயலும்.

4. இடங்குறித்தல்

உரைக்கோப்பிலிருந்து புள்ளிகளை உருவாக்கும் பகுதி கியூஜிஐஎஸ் மென்பொருளில் 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' என்னும் பெயரால் வழங்குகிறது. அது ஆய்வாளரிடம் எக்ஸ் புலம் எது, ஒய் புலம் எது, ஆயத்தொலை முறை யாது என்னும் மூன்றைக் கேட்கிறது. எக்ஸ் என்பது கிழக்கு மேற்காக அளக்கும் நெடுக்குக்கோடு. ஒய் என்பது வடக்கு தெற்காக அளக்கும் குறுக்குக்கோடு. குறுக்குக்கோட்டை முதலில் சொல்லும் வழக்கம் உள்ளமையால் இவ்விரண்டும் இடம் மாறுவது இயல்பு. மைசூரு வடக்கே 12.30 பாகையிலும் கிழக்கே 76.65 பாகையிலும் உள்ளது. எண்கள் இடம் மாறினால் மைசூரு ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை அடுத்த வடகடலில் போய் விழும். இப்பிழை பெரிது, ஆயினும் அதனால் தீங்கில்லை. படத்தைத் திறந்தவுடன் அது கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாத பிழையே அஞ்சத்தக்கது. பழைய நிலப்படங்களிலும் ஊர் அட்டவணைகளிலும் இருப்பிடம் பாகை, கலை என இரு அலகுகளில் தரப்பட்டிருக்கும். ஒரு பாகைக்கு 60 கலைகள். மென்பொருள் எதிர்பார்ப்பதோ பதின்மப் பாகை. 12 பாகை 44 கலை என்பதைப் பதின்மத்தில் 12.73 என எழுத வேண்டும். கலையை 60ஆல் வகுத்துப் பெறும் மதிப்பு இது. அவ்வாறு வகுக்காமல் 12.44 என்றே எழுதிவிடுவது களக்குறிப்புகளில் அடிக்கடி நிகழக்கூடிய பிழையாகும்.

இதன் விளைவை ஓசூரைக் கொண்டு காணலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வழங்கும் ஓசூர் ஏறத்தாழ வடக்கே 12 பாகை 44 கலையிலும் கிழக்கே 77 பாகை 50 கலையிலும் அமைந்துள்ளது. இதனை 12.44, 77.50 என ஏற்றினால் ஊர் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நகர்ந்து, கர்நாடகத்தின் கனகபுரா வட்டாரத்தில் விழும். புள்ளி இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. மக்கள் வாழும் நிலப்பகுதியிலேயே இருக்கிறது. பார்ப்பவர்க்கு ஐயம் எழாது. ஆனால் ஓசூரில் பதிவு செய்த தமிழ் வடிவம் கன்னடப் பகுதியின் நடுவே தோன்றும். அதனைக் காணும் ஆய்வாளர் அங்கு ஒரு தமிழ்க் குடியேற்றம் இருந்தது என்றோ, மொழித் தொடர்பின் விளைவு என்றோ விளக்கம் கூற முற்படலாம். வகுத்தலில் விட்ட ஒரு படி, மொழி வரலாற்றுக் கருதுகோளாக வளர்ந்துவிடும்.

மென்பொருள் பாகை, கலை, விகலை முறையையும் ஏற்கவல்லது. ஏற்றும் கட்டத்தில் அதற்குரிய கட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ஓர் அட்டவணைக்குள் இரு முறைகளும் கலந்திருத்தல் கூடாது. கலையைக் குறிக்கும் பகுதி 60ஐத் தாண்டுவதில்லை. எனவே ஒரு நெடுவரிசையில் புள்ளிக்குப் பின்வரும் முதல் இரு இலக்கங்கள் எங்கும் 60க்குக் குறைவாகவே இருந்தால், அங்கு வகுத்தல் விடுபட்டுள்ளது என ஐயுறலாம்.

ஆயத்தொலை முறை பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஜி.பி.எஸ். கருவியும் கைப்பேசியும் தரும் எண்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் உலகப் பொதுமுறையைச் சார்ந்தவை. மென்பொருளில் இது ஈ.பி.எஸ்.ஜி. 4326 என்னும் எண்ணால் குறிக்கப்படும். இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின்னரே பொதுப் பயன்பாட்டுப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறைக்கு மாறின. பழைய படத்திலிருந்து எடுத்த எண்களைப் புதிய முறையைச் சார்ந்தனவாக ஏற்றினால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகக்கூடும். மாநில அளவிலான படத்தில் இவ்விலகல் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் ஓர் ஊரின் தெருக்களுக்கிடையே வழக்கு வேறுபாட்டைக் காட்டும் படத்தில் அது ஒரு தெருவின் பேச்சை மற்றொரு தெருவில் கொண்டுபோய் வைத்துவிடும்.

5. எழுத்துக் குறிமுறை

மொழித் தரவு பிற துறைத் தரவினின்று வேறுபடும் இடம் இது. மழையளவு எண்ணால் ஆனது. மொழித் தரவோ எழுத்தால் ஆனது. எழுத்து சிதைந்தால் தரவே சிதைந்ததாகும்.

இந்திய மொழி நிறுவனங்களில் 1990களில் தட்டச்சு செய்யப்பட்ட தரவுகள் பல, இஸ்கி எனப்படும் 1991ஆம் ஆண்டின் இந்தியத் தரக் குறிமுறையிலோ, தனித்தனி எழுத்துருக்களுக்கென அமைந்த குறிமுறைகளிலோ உள்ளன. தமிழுக்கு 1999இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் ஆகிய குறிமுறைகளும், தகுதரம் எனப்படும் டிஸ்கியும் வழங்கின. இக்கோப்புகளை ஒருங்குகுறிக்கு மாற்றாமல் ஏற்றினால் படத்தின் ஊர்ப்பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இப்பிழை வெளிப்படையானது, மூலக்கோப்பு இருக்கும்வரை திருத்தவும் எளியது. ஒருங்குகுறியில் உள்ள தமிழை எக்செல் மென்பொருளிலிருந்து பழைய சி.எஸ்.வி. வடிவில் சேமித்தால் எழுத்துகளுக்கு ஈடாகக் கேள்விக்குறிகள் அமைந்துவிடுவதுண்டு. அக்கோப்பிலிருந்து மூல எழுத்தை மீட்க இயலாது. யு.டி.எஃப். 8 என்னும் வடிவைத் தெரிந்தெடுத்துச் சேமித்தல் வேண்டும்.

இங்கும் கண்ணுக்குப் புலப்படாத பிழைகள் உண்டு. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குகுறியில் இரு வகையாக அமைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒருவகை. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குகுறித் தரமும் இரண்டும் நிகரானவை என்றே கூறுகிறது. எனினும் இரு மதிப்புகளை நேருக்கு நேர் ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒருவர் தட்டச்சு செய்த 'கொல்லை'யும் மற்றவர் தட்டச்சு செய்த 'கொல்லை'யும் படத்தில் இரு நிறங்களைப் பெறும். இரு மாவட்டங்களில் இரு உதவியாளர்கள் பணி செய்திருந்தால், அவர்களின் தட்டச்சுப் பழக்கத்தின் எல்லை கிளைமொழி எல்லையாகக் காட்சி தரும்.

ஔகாரக் குறியின் இறுதிப் பகுதிக்கு ஈடாக ளகரத்தைத் தட்டச்சு செய்வதும் இத்தகையதே. 'ஸ்ரீ' என்னும் எழுத்தை ஸகர வழியாகவும் ஶகர வழியாகவும் இருமுறையில் அமைக்கலாம் என்பதால் ஸ்ரீரங்கம் முதலிய ஊர்ப்பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. ஒலிபெயர்ப்பு எழுத்துகளும் விலக்கல்ல. கீழ்ப்புள்ளி பெற்ற ரோமன் எழுத்தை ஒரே குறியாகவும், எழுத்தும் புள்ளியுமாக இரு குறிகளாகவும் அமைக்கலாம். ணகர, னகர வேறுபாட்டை ஆராயும் படத்தில் இது பெருங்கேடு விளைவிக்கும். தரவு முழுவதையும் ஒரே இயல்பு வடிவிற்கு மாற்றும் செய்நிரலை ஏற்றுவதற்கு முன்னரே இயக்குவது முதல் இரு வகைகளுள் நிகரானவற்றைச் சீர்செய்யும். ளகரம், ஸகரம் பற்றிய சிக்கல்களை அது தீர்ப்பதில்லை. அவற்றைத் தேடிக் கண்டு திருத்துதல் வேண்டும்.

அடுக்கைச் சேமிக்கும் கோப்பு வடிவமும் கருதத்தக்கது. நெடுங்காலமாக வழங்கும் ஷேப்ஃபைல் வடிவில் புலப்பெயர் 10 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. உரைப் புலத்தின் அளவு 254 பைட்டுகள். யு.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ஆகவே தமிழில் இடும் புலப்பெயருக்கு மூன்று குறிகளே மிஞ்சும். 'தகவலாளி' என்பதும் 'தகவல்' என்பதும் 'தகவ' என்றே முடிந்துவிடும். உரைப் புலத்தில் 84 குறிகளே அடங்கும். உயிர்மெய்யின் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், தகவலாளி கூறிய ஒரு தொடர் முழுமையாக அதில் அடங்காமற் போகலாம். 2014இல் தரப்படுத்தப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவுக்கு இத்தடைகள் இல்லை. மொழித் தரவுக்கு அதுவே ஏற்றது.

6. கணக்கெடுப்புத் தரவை எல்லைப் படத்தோடு இணைத்தல்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தாய்மொழித் தரவுகள் 2018இல் வெளிவந்தன. அவற்றை மாவட்ட எல்லைப் படத்தோடு இணைக்கும்போது மாவட்டப் பெயரைப் பொதுக் குறியீடாகக் கொள்வது எளிய வழியாகத் தோன்றும். ஆயினும் அது தவறான வழி. அக்கணக்கெடுப்பில் இருந்த 640 மாவட்டங்களுள் சில ஒரே பெயருடையவை. பிஜாப்பூர் என்னும் பெயரில் கர்நாடகத்தில் ஒரு மாவட்டமும் சத்தீஸ்கரில் ஒரு மாவட்டமும் இருந்தன. முன்னது கன்னடப் பகுதி. பின்னது கோண்டி முதலிய பழங்குடி மொழிகள் வழங்கும் பஸ்தர் நிலம். பெயரால் இணைக்கும்போது மென்பொருள் ஒரு வடிவத்துக்கு ஒரே பதிவை எடுத்துக்கொள்வதால், ஒரு பிஜாப்பூரின் எண்கள் இரண்டிலும் ஏறிவிடலாம். ஔரங்காபாத், பிலாஸ்பூர், ஹமிர்பூர் ஆகிய பெயர்களும் இவ்வாறே இரு மாநிலங்களில் வழங்கின.

இதனால் கணக்கெடுப்புத் துறை வழங்கும் எண்குறியீட்டைக் கொண்டே இணைத்தல் வேண்டும். அதிலும் ஓர் இடர் உண்டு. மாநிலங்களின் குறியீடு ஜம்மு காஷ்மீருக்குரிய 01இல் தொடங்குகிறது. உத்தரப்பிரதேசம் 09, பீகார் 10. எக்செல் இக்குறியீட்டை எண்ணாகக் கொண்டால் 01 என்பது 1 ஆகிவிடும். எல்லைப் படத்தில் 01 என்பது உரையாக இருந்தால் இரண்டும் பொருந்தா. அப்போது பஞ்சாப், இராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஒன்பது மாநில, ஒன்றியப் பகுதிகள் மட்டும் படத்தில் வெறுமையாக நிற்கும். பிற யாவும் செவ்வனே அமையும். குறியீடு எண்ணன்று, பெயர் எனக் கருதி அப்புலத்தை உரையாகவே ஏற்றுவது இதற்குத் தீர்வு.

காலமும் பொருந்த வேண்டும். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தமையால் 2011இல் அது கிருஷ்ணகிரியைச் சார்ந்தது. தெலங்கானா 2014இல் தனி மாநிலமாயிற்று. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 2011இல் 32, பின்னர் 38 ஆயின. 2011இன் தரவை இன்றைய எல்லைப் படத்தில் ஏற்றுதல் கூடாது. தருமபுரியில் தெலுங்கு பேசுவோர் தொகை 2001க்கும் 2011க்கும் இடையே குறைந்ததாகப் படம் காட்டினால், மக்கள் மொழியைக் கைவிட்டனர் எனக் கருதுவது பிழையாகும். நகர்ந்தது மாவட்ட எல்லை.

7. வெறுமையும் சுழியமும்

மொழிப் படத்தில் ஓரிடம் வெறுமையாக இருப்பதற்குக் காரணங்கள் பல. அங்கு எவரும் செல்லாமல் இருந்திருக்கலாம். சென்றும் அவ்வினாவைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டும் விடை கிடைக்காமல் போயிருக்கலாம். அச்சொல்லே அங்கு வழங்காமல் இருக்கலாம். இறுதியானது மட்டுமே மொழிச் செய்தி. மற்றவை ஆய்வு பற்றிய செய்திகள். அட்டவணையில் இந்நான்கும் வெற்றுக் கட்டமாகவே விடப்பட்டால் மென்பொருளால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. வெற்றுக் கட்டங்களில் எல்லாம் சுழியத்தை நிரப்புவது இதனினும் தீது. அறியாமை அங்கு அறிவாக மாறிவிடுகிறது.

கிரியர்சனின் அளவீடு சென்னை மாகாணத்தையும் ஐதராபாத், மைசூர் அரசுகளையும் நேரடி ஆய்வுக்கு உட்படுத்தவில்லை. அத்தொகுதிகளிலிருந்து எடுக்கும் ஊர்வாரித் தரவை ஏற்றிப் பார்த்தால் தென்னிந்தியாவின் பெரும்பகுதி வெறுமையாகத் தோன்றும். அவ்வெறுமைக்கு வழங்கும் பொருளை அறிந்தவர் மொழியியலாரே, மென்பொருள் அறியாது. கணக்கெடுப்பிலும் இந்திய அளவில் 10,000க்குக் குறைந்தோர் பேசும் தாய்மொழிகள் தனித்துக் காட்டப்படாமல் 'பிற' என்னும் தலைப்பில் அடங்கிவிடுகின்றன. 2011இல் மக்கள் கூறிய மூலப் பெயர்கள் 19,569. அவை சீர்செய்யப்பட்டு 1,369 தாய்மொழிகளாக வகைப்படுத்தப்பட்டன. இறுதியில் தொகுக்கப்பட்ட மொழிகள் 121. ஒரு மாவட்டத்தில் ஒரு சிறுமொழிக்கு எண் இல்லை என்பதால் அங்கு அம்மொழி இல்லை எனக் கொள்ளலாகாது. எனவே வெறுமைக்கான காரணத்தைக் குறிக்கும் தனிப்புலம் ஒன்றை அட்டவணையில் அமைத்து, படத்தில் அதற்குத் தனி நிறம் தருதல் வேண்டும்.

8. ஏற்றிய பின் சரிபார்த்தல்

தரவை ஏற்றியவுடன் படத்தின் அழகில் மயங்காமல் நான்கு சோதனைகளைச் செய்தல் நலம்.

முதலாவது, எண்ணிக்கை. மூல அட்டவணையின் வரிசைகளும் அடுக்கின் புள்ளிகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஏற்க இயலாத வரிசைகள் பற்றி மென்பொருள் தரும் அறிவிப்பைப் படிக்காமல் மூடிவிடுதல் தவறு.

இரண்டாவது, எல்லை. இந்திய நிலப்பரப்பு தீவுகள் உட்பட வடக்கே 6 முதல் 38 பாகைக்குள்ளும் கிழக்கே 68 முதல் 98 பாகைக்குள்ளும் அடங்கும். இதற்கு வெளியே விழும் புள்ளி பிழையானது.

மூன்றாவது, வகைகளின் பட்டியல். ஒவ்வொரு புலத்திலும் உள்ள வேறுபட்ட மதிப்புகளைப் பட்டியலிட்டுக் காணுதல் வேண்டும். மூன்று வடிவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து தோன்றினால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரட்டைகள் அங்குள்ளன என்பது பொருள்.

நான்காவது சோதனையே தலையாயது. களப்பணியின்போது ஊரின் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்றிய பின், ஒவ்வொரு புள்ளியும் எந்த மாவட்டப் பரப்புக்குள் விழுகிறது என மென்பொருளைக் கொண்டு கண்டு, அதனைக் கையால் எழுதிய பெயரோடு ஒப்பிட வேண்டும். கிருஷ்ணகிரி என எழுதப்பட்ட ஓசூர் கர்நாடகப் பரப்புக்குள் விழுந்திருந்தால் அப்பிழை உடனே வெளிப்படும். எண் ஒன்றே சான்றாக நிற்கும்போது பிழையைக் காண வழியில்லை. எண்ணும் பெயரும் ஒன்றற்கொன்று சான்றாகும்போது வழியுண்டு.

இவற்றோடு, பிறர்க்கு வழங்கும் படத்தில் தகவலாளியின் வீட்டு இருப்பிடம் இடம்பெறாதவாறு காத்தல் கடன். பேசுவோர் மிகச் சிலரேயான மொழிகளில் ஒரு புள்ளி என்பது ஒரு மனிதரையே சுட்டிவிடும். அவ்விடத்தில் ஊரின் நடுப்புள்ளியையோ வட்டத்தின் பெயரையோ தருவது போதும்.

9. முடிவுரை

மொழி நிலப்படம் ஆய்வேட்டில் அடங்கிவிடும் அணியன்று. இந்தியாவில் அது உரிமைகளோடு தொடர்புடையது. 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்ட பின்னர், மொழிச் சிறுபான்மையினர்க்கென வகுக்கப்பட்ட பாதுகாப்புகளுள் ஒன்று விழுக்காட்டைச் சார்ந்தது. ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரு சிறுபான்மை மொழியைப் பேசினால், முதன்மையான அரசு அறிவிப்புகள் அம்மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என்பது அது. எந்தப் பகுதி, எத்தனை விழுக்காடு என்னும் இரு வினாக்களுக்கும் விடை, எல்லைப் படத்தோடு இணைந்த அட்டவணையிலிருந்தே பெறப்படும். ஒரு குறியீட்டின் சுழியம் மறைந்ததனாலோ, ஒரு பெயர் இருமுறை வந்ததனாலோ, பழைய எண் புதிய எல்லையில் ஏறியதனாலோ ஒரு வட்டத்தின் மொழிச் சிறுபான்மை படத்திலிருந்து மறைந்துபோகக்கூடும். அவ்வாறு மறைந்ததை அங்கு வாழ்பவர் அறிய வாய்ப்பில்லை.

பிழைகளுள் பெரியவை தாமே வெளிப்படுகின்றன. நம்பத்தக்க தோற்றமுடைய சிறியவையே தங்கிவிடுகின்றன என்பது மேலே கண்டவற்றால் பெறப்படும். வடகடலில் விழுந்த மைசூருவைப் பார்த்தவுடன் எவரும் திருத்திவிடுவர். கனகபுராவுக்கு நகர்ந்த ஓசூரையோ, இரு குறிமுறையில் எழுதிய 'கொல்லை'யையோ, சத்தீஸ்கரில் ஏறிய கன்னட எண்களையோ கண்டறிய அம்மொழிகளையும் அந்நிலங்களையும் அறிந்த ஒருவரின் கண் வேண்டும். ஆகவே தரவை ஏற்றும்போது மொழியியலார் கணினியின் முன் அமர்ந்திருத்தல் வேண்டும். எந்தப் புலம் எவ்வாறு ஏற்றப்பட்டது என்பதைப் படத்தோடு எழுதி வைத்தலும் வேண்டும். பின்வரும் ஆய்வாளர் அப்படத்தை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அக்குறிப்பே அடிப்படையாக அமையும்.